போன் ஏன் சுடுகிறது?

கோமதி டீச்சரின் போன் அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் இரண்டு முறை உயிரை விட்டிருந்தது. இரவு முழுக்கச் சார்ஜில் கிடந்து நூறு சதவீதம் காட்டிய போன், அவள் காபி குடித்து முடிப்பதற்குள் நாற்பதுக்கு இறங்கி, குளித்துவிட்டு வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டது. மறுபடியும் சார்ஜ் ஏற்றினாள். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை. அதுவும் சும்மா சாகவில்லை, தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டு செத்தது.

பத்து நாளுக்கு மேலாக இதே கூத்து. போதாக்குறைக்குத் திரையில் மணிக்கு ஒரு தரம், 'இடம் இல்லை, எதையாவது அழியுங்கள்' என்று கெஞ்சல் வேறு. யார் கூப்பிட்டாலும் மணி அடிப்பதில்லை. தூத்துக்குடியில் ஏழாம் மாதத்து வயிற்றோடு இருக்கும் மகள் ஆதிரை, அப்பாவின் போனுக்கு அழைத்து, "எம்மா, உன் போனு எப்ப அடிச்சாலும் பேசிட்டே இருக்கே. யாருகிட்டம்மா அப்பிடிப் பேசுத?" என்று கேட்டாள். கோமதி யாரிடமும் பேசவில்லை. நாளெல்லாம் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் கத்திவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பேசத் தெம்பு ஏது?

அவள் கணவர் ஆறுமுகநயினார், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போனுக்கு எந்த நோய் வந்தாலும் அவருக்குத் தெரிந்த ஒரே ஆஸ்பத்திரி அரிசி டிரம். போன முறை கோமதியிடம் சொல்லாமலே போனை அரிசிக்குள் புதைத்துவிட்டார். போன் நனையவே இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. அரை நாள் வீடெல்லாம் தேடிய பிறகு, சாதம் வடிக்க அரிசி அள்ளப் போன கோமதி, அரிசி இளஞ்சூடாக இருப்பதைக் கண்டு திகைத்துப்போனாள்.

கடையில் கொடுக்கலாமே என்றால், அதில்தான் சிக்கல். இந்தக் காலத்தில் பதிலி இல்லாத போன் கிடையாது. நமக்கு எடுக்கப் பிடிக்காத அழைப்புகளை நம் குரலிலேயே எடுத்து, நம்மைப் போலவே நாலு வார்த்தை பேசி, மனம் கோணாமல் வைத்துவிடும். கூடவே இருந்து நம் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ளும். நன்றாகப் பழக நாலைந்து வருஷம் ஆகும். ரிப்பேருக்காகப் போனைத் திறப்பதற்கு முன் அந்த ஞாபகம் முழுவதையும் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். எவனோ ஒருவன் அடுத்தவர் குரலைத் திருடி ஊரெல்லாம் பெண் பேசிவிட்டு வந்த வழக்குக்குப் பிறகு வந்த சட்டம் அது. அழித்துவிட்டால் பதிலி மறுபடியும் பச்சைக் குழந்தை. அந்தப் பச்சைக் குழந்தையை நம்பி சம்பந்தியம்மாவை எப்படிச் சமாளிப்பது?

சம்பந்தியம்மா முத்துச்செல்வி தூத்துக்குடியில் பேக்கரி நடத்துகிறவள். கணவர் இறந்து எட்டு வருஷமாகத் தனியாளாக அடுப்பையும் கடையையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஆதிரையின் கல்யாணத்தில் நடந்தது சின்ன விஷயம்தான். பந்திக் கூடத்து வாசலில் கூட்டம் நெருக்கியது. முப்பது வருஷம் ஆய்வக வாசலில் பிள்ளைகளை மேய்த்த வாய், கோமதியைக் கேட்காமலே திறந்து, தள்ளாதீங்க, வரிசையில நில்லுங்க என்று அதட்டிவிட்டது. அதட்டு வாங்கியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், முத்துச்செல்வியின் ஒரே அண்ணன். சம்பந்தியம்மாவின் முகம் அந்த இடத்திலேயே சுண்டிப்போனது. அன்றைக்கு விழுந்த விரிசல் இன்னும் சேரவில்லை.

சண்டை போட்டிருந்தாலாவது ஒரு முடிவு வந்திருக்கும். இருவருமே மரியாதை தெரிந்தவர்கள், அதனால் சண்டை போடவில்லை. வாரம் தவறாமல் முத்துச்செல்வியின் அழைப்பு வரும். கோமதி தன் பதிலிக்கு இரண்டே இரண்டு கட்டளை போட்டிருந்தாள். சம்பந்தி வீட்டுக்கு மரியாதையில் ஒரு குறையும் வரக் கூடாது. அந்த வீட்டு விஷயம் எதையும் என்னிடம் கொண்டுவரக் கூடாது. ஏற்பாடு கச்சிதமாக நடந்தது, மரியாதையும் கெடாமல் பகையும் குறையாமல். ஓர் இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருப்பது தெரியாமல் அந்த அம்மாள் உருகி உருகி நலம் விசாரிக்கிறாளே என்று கோமதிக்கு உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம் கூட உண்டு.

ஆனால் இப்போது ஆதிரைக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்து அழைக்க வேண்டியது மாப்பிள்ளை வீடு. முத்துச்செல்வி மூச்சே விடவில்லை. ஏழாம் மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, எட்டில் வைக்க மாட்டார்கள். வளைகாப்பு முடிந்தால்தான் மகளைப் பிரசவத்துக்குப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வர முடியும். ஆதிரையைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நடுவுல என்னைய இழுக்காதிய" என்று ஒதுங்கிவிட்டாள். அந்தப் பொம்பளை வேண்டுமென்றே செய்கிறாள் என்று கோமதி தீர்மானித்திருந்தாள். அண்ணனை வரிசையில் நிற்கச் சொன்னதற்கு, இப்போது தன்னை வரிசையில் நிற்க வைத்து வேடிக்கை பார்க்கிறாள். கோபம் ஒரு பங்கு என்றால் பயம் மூன்று பங்கு. தலைப்பிரசவத்துக்கு மகள் வீட்டுக்கு வராமலே போய்விடுவாளோ என்ற பயம்.

இந்த நிலைமையில் பழகிய பதிலியை அழிக்கக் கொடுக்க அவள் தயாராக இல்லை. பழுதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுவது என்று உட்கார்ந்தாள்.

உப்புப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியமா? ஏதோ ஒரு வெள்ளைப் பொடியை எடுத்துக் கையில் கொடுத்தால், அது என்ன உப்பு என்று ஒவ்வொரு சோதனையாகச் செய்து, இது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் கடைசியில் மிச்சமிருப்பதைப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு முடிவு எழுதுகிற பிள்ளைக்கு அவள் மார்க் போட்டதே இல்லை. பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றை எடுத்து, அடிக்கோல் வைத்துப் பக்கத்தை மூன்றாகப் பிரித்தாள். சோதனை, காண்பன, அறிவன.

முதலில் போனின் உறையைக் கழற்றினாள். சூடு குறையவில்லை, ஆகவே உறை குற்றவாளி இல்லை. நயினாரின் சார்ஜரைப் போட்டுப் பார்த்தாள். சார்ஜரைக் கழற்றிய பிறகும் சுட்டது, ஆகவே சார்ஜரும் இல்லை. டார்ச் அடித்து, பல் குத்தும் குச்சியால் சார்ஜ் துளையைச் சுத்தம் செய்தாள். பஞ்சும் மஞ்சள்தூளுமாக ஓர் உருண்டை வந்தது. பார்க்கத் திருப்தியாக இருந்ததே தவிர, சூடு அப்படியேதான் இருந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். நாலு நிமிஷம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு மறுபடியும் ஏறியது. இடம் இல்லை என்கிறதே என்று, நயினாரின் அண்ணன் தினமும் அனுப்புகிற பூங்கொத்துக் காலை வணக்கங்கள் ஆயிரத்து நூறையும் ஒரே மூச்சில் அழித்தாள். கொஞ்சம் இடம் கிடைத்தது. காய் நறுக்கிவிட்டு வந்து பார்த்தால் அந்த இடமும் நிரம்பியிருந்தது.

"அரிசில வச்சுப் பாப்பமே" என்றார் நயினார். கோமதி அவரைப் பார்த்த பார்வையில் அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

அடுத்தது பாதுகாப்பு முறை. போனோடு பிறந்தவை மட்டும் வேலை செய்யும், நாம் சேர்த்தவை எல்லாம் உறங்கும். அப்படிப் போட்டதும் போன் ஐந்தே நிமிஷத்தில் சில்லென்று ஆகிவிட்டது. கோமதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆகவே போனின் உடம்பில் கோளாறு இல்லை, உள்ளே குடியேறியவர்களில் ஒருவர்தான் ஆள். ஒவ்வொன்றாக எழுப்பினாள். வங்கி, சூடு இல்லை. பஞ்சாங்கம், சூடு இல்லை. பள்ளிக்கூட வருகைப்பதிவு, சந்தேகப்பட்டாள், ஆனால் சூடு இல்லை. பதிலியை எழுப்பினாள். மூன்றாவது நிமிஷம் கை சுட்டது.

உறுதிச் சோதனை பாக்கி. பதிலியின் அழைப்புக் குறிப்பைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. 'முத்துச்செல்வி மதினி. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பதினோரு நாள், நாலு மணி, பத்து நிமிடம்.'

அவள் படித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். நயினாரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். அவரும் அதையேதான் படித்தார். பேச்சு முழுவதும் உள்ளே பதிந்திருந்தது, இடம் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். ஏதோ ஓர் இடத்தில் தொட்டாள்.

வந்தது அவளுடைய குரல். பிசிறில்லாமல் அவளே பேசுகிற மாதிரி. "அன்னைக்கு அண்ணாச்சிய வரிசைல நில்லுங்கன்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு மதினி. எங்க அண்ணன யாராவது அப்பிடிச் சொல்லியிருந்தா நான் சும்மா இருந்திருப்பனா?"

கோமதிக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "நான் எப்ப மன்னிப்புக் கேட்டேன்? யாரக் கேட்டு இது மன்னிப்புக் கேட்டுச்சு?" என்று போனை ஒரு குலுக்கு குலுக்கினாள்.

நயினார் செய்தித்தாளை மடித்து வைத்தார். "ஏளா, நீதான் சொன்ன. கல்யாணம் முடிஞ்சு கார்ல வாரப்ப எங்கிட்டச் சொன்ன. இதே வார்த்த. போனு உன் மடிலதான் கெடந்துச்சு."

கோமதி குலுக்குவதை நிறுத்தினாள். சொன்னது உண்மைதான். அதைச் சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல் கணவரிடம் சொல்லிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில் தூங்கியதும் உண்மைதான்.

போன் நிறுவனத்தின் உதவி மையத்துக்கு நயினாரின் போனில் அழைத்தாள். பத்து நிமிஷம் வீணை வாசித்துக் காட்டிவிட்டு ஒரு மனிதர் வந்தார். பதினோரு நாளா என்று அவரும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு கட்டளைகள் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். கோமதி கொஞ்சம் கூச்சத்தோடு இரண்டையும் சொன்னாள். அவர், ஓ என்றார். சென்டருக்குக் கொண்டுவந்தால் பதிலியை அழித்துத் தருகிறோம், சூடு நின்றுவிடும் என்றார். அழிக்காமல் வழி இல்லையா என்று கோமதி விடாப்பிடியாகக் கேட்டாள்.

"மேடம், அந்தப் பக்கத்துல இருந்து ஏதோ ஒரு கேள்வி வந்து நிக்குது. பதில் சொல்லாம வைக்கிறது மரியாதை இல்ல. உங்ககிட்ட கேட்டுச் சொல்லலாம்னா, கொண்டு வராதேன்னு நீங்களே போட்டிருக்கீங்க. அதனால வைக்க முடியாம பேச்சை வளத்துக்கிட்டே இருக்கு. சார்ஜ் போனாலும், திரும்ப வந்ததும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சிடும்."

"அதுவா ஒரு பதிலைச் சொல்லிட்டு வச்சிர வேண்டியதுதான?"

"அது முடியாது மேடம். நீங்க எங்கேயாவது, யார்கிட்டயாவது சொன்னதைத்தான் அது எடுத்துச் சொல்லும். சொந்தமா ஒரு வார்த்தை சேர்க்காது. எல்லாப் பதிலிக்கும் அதுதான் சட்டம். நீங்க வாயே திறக்காத விஷயமா இருந்தா அது பாவம், என்ன பண்ணும்?"

என்ன கேள்வி என்று கேட்டாள். அதை நாங்கள் கேட்கக் கூடாது மேடம், நீங்கள் கேட்கலாம் என்றார். நீங்களே லைனில் வந்து பதில் சொல்லிவிட்டால் எந்த ரிப்பேரும் வேண்டாம் என்றும் சொன்னார். வைக்கப் போகும்போது கோமதிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பக்கம் பேசுவது யார்?

"பதினோரு நாளா சாப்பிடாம தூங்காம பேசுறாங்கன்னா மேடம்…" என்று இழுத்தார் அவர். மரியாதை தெரிந்த மனிதர், மேலே சொல்லவில்லை.

ஆக, அந்த அம்மாளும் இயந்திரத்தைத்தான் பேச விட்டிருக்கிறாள். கோமதியின் இரண்டு வருஷத்து அற்ப சந்தோஷம் அந்த நொடியில் காற்றுப் போய்விட்டது. நயினார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு வீட்டிலும் ஆள் இல்லாமல் இரண்டு வருஷம் நலம் விசாரிப்பு நடந்திருக்கிறது.

இனி நேராகக் கேட்டுவிடுவது என்று, நடந்துகொண்டிருக்கும் பேச்சைத் திறந்து ஒலிபெருக்கியில் போட்டாள். இரண்டு குரல்களும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. தூத்துக்குடியில் வானம் மூட்டமாக இருக்கிறதாம். பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்துகிறதாம். கத்திரிக்காய் வத்தல் போட இது சரியான வெயிலாம். பதினோரு நாளாக இதைத்தான் அரைத்துக்கொண்டிருக்கின்றன போலிருக்கிறது. கோமதிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். பேச்சில் ஓர் இடைவெளி விழுந்தது. பிறகு முத்துச்செல்வியின் குரல் கொஞ்சம் இறங்கி ஒலித்தது.

"மதினி, இன்னொரு தடவ கேக்குதேன், கோவப்படாதிய. வளைகாப்புக்கு எல்லாம் வாங்கி வச்சாச்சு. கண்ணாடி வளையலு மட்டும் அஞ்சு டசன் இருக்கு. நாளு சொல்லத்தான் வாய் வரமாட்டங்கு. எம் பிள்ள கல்யாணத்துல எங்கண்ணன் என்னைய மேடைப் பக்கம் வராத, ஓரமா நில்லுன்னுட்டான். அந்தக் கோவத்த அவன்மேல காட்ட முடியாம உங்க மேல காட்டிட்டேன். இப்ப என் வீட்டுக்குள்ளயே என்னைய ஓரமா நிக்கச் சொன்னா, என்னால தாங்க முடியாது. ஆதிரைக்கு மொத வளையலு நான் போடட்டுமா? நீங்க என்ன சொல்லுதிய?"

கோமதியின் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுடைய குரல் அந்தப் பக்கத்துக்குப் பணிவாகப் பதில் சொன்னது. "இதப் பத்தி நான் இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசுனதில்ல மதினி. பேசாததச் சொல்ல எனக்குத் தெரியாது. உங்க பக்கம் காத்து எப்பிடி?"

காற்றாம். கோமதிக்குத் தன் குரலையே ஓங்கி ஓர் அறை அறையலாம் போல இருந்தது.

வழக்கம் என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். வளையல் போடுவது சுமங்கலிகள். கணவனை இழந்தவள் அந்தப் பக்கம் வந்தால் ஆகாது. யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் செய்வார்கள். இத்தனை நாளாக அந்த அம்மாள் நாள் சொல்லாமல் இருந்தது தன்னைக் காக்க வைக்க அல்ல, தன் வீட்டு விசேஷத்தில் தானே ஓரமாக நிற்க வேண்டி வருமே என்று நடுங்கித்தான். இதை நினைத்துக்கூடப் பார்க்காமல், வேண்டுமென்றே செய்கிறாள் என்று அவசரப்பட்டு முடிவு எழுதிவிட்டாளே. கோமதிக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டால் மட்டும் போதுமா? பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்ல அவள் வாயும் எழவில்லை. பள்ளிக்கூடத்தில், நிரூபிக்காமல் எதையும் நம்பாதே என்று முப்பது வருஷமாகக் கத்துகிறவள்தான். ஆனால் இது ஆதிரை. ஆதிரையின் வயிற்றில் இருக்கும் குழந்தை. ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? அப்போது அந்த முதல் வளையலை நினைக்காமல் இருக்க முடியுமா? பயத்துக்கு எந்தப் படிப்பும் கிடையாது.

வழக்கமாக எல்லாவற்றுக்கும் ஒரு வைத்தியம் சொல்கிற நயினார், சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கோமதி ரெக்கார்டு நோட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். கடைசிச் சோதனைக்குக் கீழே ஒரு கோடு போட்டு, நெடுநேரம் யோசித்து எழுதினாள். சோதனை என்ற இடத்தில், என் முதல் வளைகாப்பு, முதல் வளையல் போட்டவர் என் மாமியார், பத்துப் பிள்ளை பெற்ற தீர்க்க சுமங்கலி என்று எழுதினாள். காண்பன என்ற இடத்தில், எட்டாம் மாதம், பிள்ளை தங்கவில்லை என்று எழுதினாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இதை எங்கேயும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. ஆதிரைக்குக்கூட ஓர் அண்ணன் இருந்திருக்க வேண்டும் என்பது தெரியாது. அறிவன என்ற இடத்துக்கு வந்தபோது எழுத்து கலங்கித் தெரிந்தது. ஆனாலும் எழுதினாள். வளையலுக்கும் பிள்ளைக்கும் தொடர்பு இல்லை.

நயினார் எட்டிப் பார்த்தார். மூன்று வரியையும் படித்துவிட்டு, அவள் தோளில் கை வைத்தார்.

போன் பழையபடி கொதித்துக்கொண்டிருந்தது. பேட்டரி பதினெட்டு சதவீதத்துக்கு வந்துவிட்டது. உள்ளே பேச்சு மறுபடியும் கத்திரிக்காய் வத்தலுக்குத் திரும்பியிருந்தது. கோமதி முந்தானையால் போனைப் பிடித்துக்கொண்டு, திரையின் ஓரத்தில் இருந்த 'நானே பேசுகிறேன்' என்பதை அழுத்தினாள். அந்தப் பக்கம் இருப்பது இயந்திரம்தான் என்றே நினைத்தாள். இயந்திரம் கொண்டுபோய்ச் சொல்லட்டும்.

"மதினி, மொத வளையலு நீங்கதான் போடணும். எட்டு வருசமா தனியா நின்னு பிள்ளைய வளத்து எம் மவளுக்குக் குடுத்திருக்கிய. உங்க கையவிட நல்ல கைய நான் எங்க போய்த் தேடுவேன்? எவனாவது ஓரமா நில்லுன்னு சொன்னா எங்கிட்டச் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன். அன்னைக்கு உங்க அண்ணன அதட்டுனது தப்பு. அதையும் இப்ப நானே சொல்லுதேன்."

அந்தப் பக்கம் பதில் இல்லை. கத்திரிக்காய், காற்று, மழை எதுவும் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை. பிறகு யாரோ பலமாக மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பதிலிகளுக்கு எத்தனையோ வித்தை தெரியும். மூக்குச் சிந்தத் தெரியாது.

"மதினி, நீங்கதானா? பதிலி இல்லியே?" என்றது குரல்.

"நான்தான். நீங்க?"

"நானும் நான்தான்."

கோமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்போது லைனுக்கு வந்தீர்கள் என்று கேட்டாள். பதினோரு நாளாக வந்துகொண்டிருக்கிறேன் என்றாள் முத்துச்செல்வி. காலையில் மாவு பிசைய உட்காருவதற்கு முன் ஒரு தடவை, கடை சாத்தியதும் ஒரு தடவை. சனி ஞாயிறில் மத்தியானத்துக்கு முன்பும் ஒரு தடவை. நடுவில் வந்து அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, பேச்சைத் தன் பதிலியிடம் விட்டுவிட்டுப் போய்விடுவாளாம். இன்றைக்கு மட்டும் போகாமல், பதிலியைப் பேச விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அவளுடைய போனும் அடுப்பாகக் கொதித்ததாம். அவள் அதை ரொட்டி ஆறவைக்கும் கம்பித் தட்டில் வைத்திருந்தாளாம்.

"பதிலி எப்பிடி மதினி இதக் கேக்கும்? சொன்னதத்தான அது சொல்லும். இந்த விசயத்த நான் எங்க வீட்டுச் செவத்துகிட்டகூடச் சொன்னதில்ல" என்றாள் முத்துச்செல்வி. "உங்க பக்கம் பேசுதது மிசினுன்னு எனக்கு மொத மாசமே தெரியும். நீங்க அவ்வளவு பொறுமையாவா பேசுவிய?"

நயினார் இந்த முறை வாயைப் பொத்தவில்லை. வாய்விட்டே சிரித்தார். கோமதியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்புறம் நாள் பேசினார்கள். வருகிற வெள்ளியே முகூர்த்த நாள், ஏழாம் மாதம் முடிவதற்குள் வந்துவிடுகிறது. அஞ்சு டசன் வளையல் பத்தாது, நான் இன்னும் அஞ்சு டசன் கொண்டுவருகிறேன் என்றாள் கோமதி. ஆதிரைக்குப் புளியோதரை பிடிக்கவில்லையாம், தேங்காய்ச் சாதம் கூடுதலாகச் செய்துகொண்டு வாருங்கள் என்றாள் முத்துச்செல்வி. பேச்சு தானாக ஓடியது. ஒரு வார்த்தையைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை.

என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கலாமே மதினி என்று கோமதி உரிமையோடு குறைப்பட்டுக்கொள்ளப் போனாள். வாய் வரைக்கும் வந்த வார்த்தை அங்கேயே நின்றது. எதிரே ரெக்கார்டு நோட்டு திறந்து கிடந்தது. இன்றைக்குப் பொய் எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

"நேர்ல கேட்டிருந்தா, பெரியவங்கள கேட்டுச் சொல்லுதேன்னு நான் நழுவியிருப்பேன் மதினி" என்றாள்.

"தெரியும் மதினி. அதான் உங்ககிட்ட கேக்காம உங்க போன்கிட்ட கேட்டேன். அது ஒரு தடவகூட மாட்டேன்னு சொல்லல பாத்தியளா. அந்த நெனப்புலதான் தெனமும் வந்து கேட்டேன்."

கோமதி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, மத்தியானத்துக்கு இரண்டு பேருக்குச் சேர்த்து உலை வையுங்கள், இப்போதே வருகிறோம் என்று முத்துச்செல்வியிடம் சொல்லிவிட்டு, தூத்துக்குடிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நயினாரைக் கேட்டாள்.